ஷேர் ஆட்டோ மேல் விழுந்த சிவப்புக் கோடுகள்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு காலை, படப்பையில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோதுதான் அந்த எண்ணம் பளிச்சென்று வந்தது. வந்து நின்ற ஆட்டோவுக்குள் நீலச் சட்டை, சாம்பல் சட்டை, ரோஜா நிற ஓவர்கோட் என்று ஊரிலுள்ள எல்லாக் கம்பெனி யூனிஃபார்மும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வண்ணப் பெட்டியைக் கவிழ்த்துவிட்ட மாதிரி! இதை வரைந்தே ஆகவேண்டும் என்று கை பரபரத்தது.

நான் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் டிரெய்னி. படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. ஆசை முழுக்க ஓவியத்தில். இணையத்தில் தமிழில் கிடைத்த இலவச வீடியோ பாடங்களைப் பார்த்துப் பார்த்து, செல்போன் திரையில் விரலால் வரையப் பழகியிருந்தேன். டிஜிட்டல் ஓவியர்களின் குழு ஒன்றிலும் சேர்ந்திருந்தேன். சேர்ந்ததோடு சரி. அடுத்தவர் படங்களுக்கு இதயம் போடுவேனே தவிர, என் படத்தைக் காட்டத் துணிந்ததில்லை.

அந்த நேரம் பார்த்து குழுவில் ஓர் இணையக் கண்காட்சி அறிவித்தார்கள். தலைப்பு, ‘எங்க ஊர் ரோடு’. என் ஆட்டோவுக்கென்றே வைத்த தலைப்பு! ஷிஃப்ட் முடிந்த நேரமெல்லாம் வரைந்து, அதைக் குழுவில் போட்டு, கண்காட்சிக்கு எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன்.

சாப்பாட்டு இடைவேளையில் பார்த்தால், முகப்பில் பூனைப் படம் வைத்திருக்கும் ஓர் உறுப்பினர் என் படத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார். அதன்மேல் முழுக்க முழுக்கச் சிவப்புக் கோடுகள்.

எங்கள் பிரிவில் சிவப்புக்கு ஒரே அர்த்தம்தான். அளவு தப்பிய பாகத்துக்குச் சிவப்பு அட்டை கட்டி, சிவப்புப் பெட்டியில் போடுவோம். ரிஜெக்ட்! தினமும் நான் செய்கிற வேலை. இப்போது எனக்கே அட்டை கட்டிவிட்டார்கள். ஒரு வார்த்தை கேட்காமல் குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன்.

அறைக்கு வந்து புலம்பினேன். என் அறைத்தோழி திருநெல்வேலிக்காரி. போனை வாங்கி, அதில் பதிந்திருந்த அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஏட்டி, உனக்கு என்ன கிறுக்கா? ஒவ்வொரு முட்டியையும் எப்படி மடக்கணும்னு போட்டுக் காட்டியிருக்காவ. தூரப் போடுத சாமானுக்கு யாராவது இவ்வளவு மெனக்கெடுவாவளா?"

அதற்குள் அந்தப் பூனைப் படக்காரரிடமிருந்தே எனக்குத் தனியாக ஒரு குரல் பதிவு வந்தது. சிரிப்பு கலந்த பெண் குரல்.

"என்னப்பா, ஓடிட்டீங்க? நல்லா வரப்போற படத்துக்குத்தான் நான் கோடு போடுவேன். உங்க ஆளுங்க ஆட்டோவுக்குள்ள நின்னுக்கிட்டே உக்காந்திருக்காங்க. அது ஒண்ணுதான் பிரச்சினை. திரும்பி வாங்க!"

அசடு வழியத் திரும்பினேன். "ஆட்டோ ரிவர்ஸ்ல வருதுடோய்!" என்று குழுவே கூச்சல் போட்டது.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. உட்கார்ந்த உருவங்களை முதலில் பெட்டி பெட்டியாக வரைந்து பழகும் பாடம் ஒன்றை ஒருவர் அனுப்பினார். கோவைக்காரர் ஒருவர் தன் வீட்டு சோபாவில் மொத்தக் குடும்பத்தையும் நெருக்கி உட்காரவைத்து, மடியில் டிபன் பாக்ஸ் கொடுத்து, முன்பக்கமும் பக்கவாட்டிலும் போட்டோ எடுத்து அனுப்பினார். ஓரத்தில் அவர் மனைவி, ஆட்டோக் கம்பிக்குப் பதிலாகத் துடைப்பத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்!

அவற்றைப் பார்த்து மறுபடி வரைந்தேன். முட்டிகள் மடங்கின, தோள்கள் இடித்துக்கொண்டன, ஆட்டோ நிரம்பியது. படம் கண்காட்சிக்குத் தேர்வாகிவிட்டது. மறுநாள் வழக்கமாக ஏறும் ஆட்டோவில் டிரைவரிடம் காட்டினேன்.

"இன்னாமா, என்னிய மட்டும் இம்மாம் தொப்பையோட போட்டுகீற? கொஞ்சம் கொறைக்கக் கூடாதா?"

"இருக்கறத வுட கம்மியாத்தான் போட்டுகீது!" என்று பின்சீட்டிலிருந்து ஒரு நீலச் சட்டை குரல் கொடுக்க, ஆட்டோவே குலுங்கியது.

முகம் தெரியாத ஒருத்திக்காக ஒரு குடும்பமே நசுங்கி உட்கார்ந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பும் நெகிழ்ச்சியும் சேர்ந்து வருகின்றன. தெரியாததைக் கேட்பதில் எனக்கு இருந்த கூச்சம் அன்றோடு போயிற்று. அடுத்து அந்த ஆட்டோவை ஓட்டிப் பார்க்கப் போகிறேன். அனிமேஷன் பாடம் தொடங்கியாயிற்று. வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கும்போது உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் ஒன்றாக எம்பிக் குதிக்கவேண்டும். அதை எப்படி வரைவது என்று நேற்றே குழுவில் கேட்டுவிட்டேன்.