ஒரு மணி நேரம் பின்தங்கிய கடிகாரம்

அமெரிக்காவில், பிளானோவில் எங்கள் சமையலறையில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று எங்களுக்கு. மற்றது, தென்துருவ ஆய்வு நிலையத்தில் வேலை பார்க்கும் மகன் கார்த்திக்குக்கு. அங்கே நியூசிலாந்து நேரம். சாட்டிலைட் வானில் தெரியும் சில மணி நேரம்தான் பேச முடியும். அதற்குள் அவன் தன் கடிகாரப்படி குறித்த நேரத்தில் கூப்பிடுவான்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை எங்க கிளாக்கை ஒரு மணி நேரம் முன்னாடி தள்றோம். நீங்களும் மாத்திடுங்க."

சரி என்றேன். மறந்துவிட்டேன்.

புற்றுநோயில் கிடந்த என் கணவர் அவன் குரலுக்காகவே காத்திருந்தார். அவன் கடிகாரத்தைப் பார்த்தேன். அவன் பேச இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே, அதுவரை வலி தெரியாமல் தூங்கட்டும் என்று மருந்து கொடுத்தேன். அவர் கண் சொருகியதும் போன் அடித்தது.

"எழுப்பாதீங்கம்மா. போனை அப்பா பக்கத்துல வைங்க. மூச்சுச் சத்தமாவது கேக்கறேன்."

லைன் போகும்வரை கேட்டான். அடுத்த சாட்டிலைட் வருமுன் அவர் போய்விட்டார்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். கார்த்திக்கிடம் சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.