கட்டம் விழுந்த எழுத்து

தெருவில் அவருக்கு ஒயர் அண்ணன் என்று பெயர். சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறை. வீட்டுக் கணினிகள் புதிதாக வந்த காலத்துப் பெட்டிகள் பதினொன்று அங்கே இன்னும் உயிரோடு இருந்தன. ஒன்று எழுதியதை இன்னொன்று படிக்காது. முகம் கொடுத்துப் பேசாத சம்பந்திகள் மாதிரி. நடுவில் கேபிள் போட்டு, இந்தப் பெட்டியின் கோப்பை அந்தப் பெட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவருடைய பிழைப்பு.

அன்று மத்தியானம் அக்கா வந்தாள். இருபத்தாறு வருடங்களுக்குப் பிறகு!

"பழைய இரும்புக் கடைன்னு நினைச்சுத் திரும்பிப் போகப் பாத்தேன்டா."

"உக்காருக்கா."

"எங்க உக்கார? நாற்காலியிலயும் ஒரு பொட்டி உக்காந்திருக்கே!"

அவர் பெட்டியை இறக்கி வைத்தார். அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா அடிச்சு வெச்சதெல்லாம் எடுத்துக் குடு. என்னை வராதேன்னு எழுதின கடிதம் மட்டும் வேணாம். அது எனக்கு மனப்பாடம்."

அவள் இஷ்டப்பட்டவரைக் கட்டிக்கொண்டு போனதும் வீடே கொதித்தது. இரண்டு வருடம் கழித்து அம்மா வீட்டுக் கணினியில் அவளுக்கு ஒரு கடிதம் அடித்தாள். வீட்டில் பிரிண்டர் இல்லை. கோப்பைத் தன் அலுவலகக் கணினிக்கு மாற்றி, அச்செடுத்து, தபாலில் போட்டது தம்பிதான். கடிதம் போயிற்று, அக்கா வரவில்லை. எட்டு மாதத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

அம்மாவின் டிஸ்கை அம்மாவின் பெட்டியிலேயே போட்டார். பச்சை எழுத்துகள் வரிவரியாக ஏறின. அந்தக் கடிதமும் வந்தது.

"நடந்தது நடந்துவிட்டது. நீ இந்த வீட்டுக்கு வரவேண்டும்."

அவர் கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது.

கணினிக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண்; அந்த எண்கள் இரண்டு கணினிகளுக்கும் வேறு. அலுவலகப் பெட்டிக்குப் புரியாத எண்ணெல்லாம் ஒரே மாதிரி கட்டமாக விழும். அச்செடுத்த அன்று அந்தக் கடிதத்தில் முப்பது கட்டங்கள். ஊகித்து ஊகித்து நிரப்பினார். 'வரவேண்'ணுக்கும் 'ம்'முக்கும் நடுவிலும் ஒரு கட்டம். அக்கா மேல் அவருக்கே ஆத்திரம் ஆறாத நாள் அது. மனசு நினைத்ததைக் கை அடித்தது: 'டா'.

'டா' என்றால் 'ட' தனியாகவும் கால் தனியாகவும் இரண்டு எழுத்தாக வந்திருக்கும். ஒற்றைக் கட்டம் என்றால் அது 'டு' மட்டும்தான். தொழில் கற்றுக்கொள்பவன் முதல் வாரத்தில் தெரிந்துகொள்ளும் சங்கதி!

அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள்.

"இதுல வேற மாதிரி இருக்கே. எனக்கு வந்ததை யாருடா மாத்துனது?"

"நான்தான்க்கா. ஒரு எழுத்து வரல. நானே போட்டேன்."

"தெரிஞ்சே போட்டியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "தெரியலக்கா" என்று வந்தது.

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தாள்.

"அம்மா என்னைக் கேட்டாளா?"

"வாசல்ல எந்தச் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து உக்காருவா. அவ பிடிவாதக்காரி, வரமாட்டாம்மான்னு... நான்தான் சொல்லிப் படுக்க வெப்பேன்."

அக்கா அழுதிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பார். அவள் அழவில்லை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அவர் டிஸ்கை எடுத்து நீட்டினார்.

"நீயே வெச்சுக்க. உனக்குத்தானே படிக்கத் தெரியல."

சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினாள். பின்னாலேயே ஓடிய அவர் தெருவுக்கு வந்தபோது ஆட்டோ கிளம்பிவிட்டது. அவள் திரும்பியே பார்க்கவில்லை.

சலவைக் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"யாருண்ணே அந்தம்மா? உங்க ஜாடையாவே இருக்காங்க?"

"கஸ்டமர்" என்றார் அவர்.