சாமிக்கு ரெண்டு ராத்தல்

ராக்காயி ஞானஸ்நானம் பெற்றது 1961 ஏப்ரலில். சர்ச்சுப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. அவளைக் கேட்டால் தேதி வேறு: 1957 நவம்பர், மூன்றாம் ஞாயிறு, காலை பத்தே முக்கால். அப்போது அவளுக்குப் பதினாலு வயது. கையில் மாரியம்மன் கோயில் காப்புக் கயிறு.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயம். அங்கிருந்து மிஷன் பள்ளிக்கூடம் மூன்றேகால் மைல், இறக்கம். சாயங்காலம் அதே மூன்றேகால் மைல் ஏற்றம். பள்ளியில் தினமும் காலையில் ஒரு பிள்ளை எழுந்து கடவுளுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். ராக்காயியின் முறை புதன்கிழமை. மழைக்கு, வெயிலுக்கு, ரயிலுக்கு என்று கொஞ்ச நாள் ஓட்டினாள். பிறகு சரக்கு தீர்ந்துவிட்டது.

"தூரத்துல தேடாதே. உங்க வீட்டுப் பக்கத்துல நடந்த நல்லதைச் சொல்லு," என்றார் நேசமணி டீச்சர்.

அடுத்த புதன் ராக்காயி எழுந்தாள். "எங்க தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்குப் பல்வலி வந்து, மூணு நாளு வாயைத் தொறக்காம இருந்ததுக்காக ஸ்தோத்திரம்."

டீச்சர் தடுப்பதற்குள் வகுப்பு முழுக்க ஆமென் சொல்லிவிட்டது. இன்னொருவர் வலிக்கு நன்றி சொல்லக்கூடாது என்று அரைமணி நேரம் புத்திமதி. ராக்காயிக்கு அது நியாயமாகப் படவில்லை. லயத்தில் பன்னிரண்டு காம்பரா வீட்டுக்காரர்களும் சந்தோஷப்பட்ட விஷயம் அது.

நவம்பரில் சர்ச்சில் நன்றி ஆராதனை வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் விளைந்த ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் வைக்க வேண்டும். கடையில் வாங்கக்கூடாது. ராக்காயி லயத்துக்குப் பின்னால் உருளைக்கிழங்கு போட்டிருந்தாள். ஆராதனைக்கு ஒன்பது நாள் இருக்கையில் முள்ளம்பன்றி தோண்டித் தின்றுவிட்டது. தன் கையால் வேறு என்ன வருகிறது என்று யோசித்தாள். கொழுந்துதான் வருகிறது. பள்ளி இல்லாத சனிக்கிழமைகளில் அம்மா அம்மாக்கண்ணுவோடு மலைக்குப் போய்க் கொழுந்து எடுப்பாள்.

ஆனால் கொழுந்து கம்பெனிக்குச் சொந்தம். பச்சைக் கொழுந்தோடு மலையை விட்டு இறங்கினால் பத்துச்சீட்டு. பேர் வெட்டி, வேலையும் காம்பராவும் போய், குடும்பத்தோடு வெளியேற வேண்டியதுதான்.

அங்கேதான் ராக்காயியின் மூளை வேலை செய்தது. தோட்டத்தில் கொழுந்தைக் கூடையிலிருந்து சாக்கில் கொட்டித்தான் நிறுப்பார்கள். கூடை தரையிலேயே கிடக்கும். இருந்தாலும் கணக்கப்பிள்ளை சிவசாமி ஒவ்வொரு நிறுவையிலும் கூடைக்கென்று ரெண்டு ராத்தல், கிட்டத்தட்ட ஒரு கிலோ, கழிப்பார். அந்த ரெண்டு ராத்தல் எடுத்தவள் பேரிலும் விழாது, வேறு யார் பேரிலும் விழாது. யாருக்கும் இல்லாததைச் சாமிக்குக் கொடுத்தால் யார் கேட்க முடியும்?

சனிக்கிழமை கடைசி நிறுவை. "பதினெட்டு. ரெண்டு போனா பதினாறு," என்று எழுதிவிட்டுச் சிவசாமி அடுத்த சாக்கைப் பார்த்தார். ராக்காயி தன் கொழுந்திலிருந்து கை நிறைய அள்ளி, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குக்குள் திணித்தாள். அப்படி ஆறு தரம்.

அம்மா வீட்டில்தான் கவனித்தாள்.

"ஏண்டி, காலைல இல்லாத வயிறு எங்கேருந்து வந்துச்சு?"

ராக்காயி அவிழ்த்துக் காட்டினாள். அம்மாக்கண்ணு கதவைச் சாத்தினாள்.

"அடிப்பாவி! பத்துச்சீட்டு குடுத்துருவான்டி! ஒரு தேங்காய ஒடைச்சா உங்க சாமிக்குப் பத்தாதா?"

"அவரு தேங்கா கேக்கலம்மா. கையால வெளைஞ்சது கேக்குறாரு."

"கேப்பாரு, கேப்பாரு. மலையில நிக்கிறது நாந்தானே."

அந்த நேரத்தில் திருப்பிக் கொண்டுபோய்க் கொட்டவும் வழியில்லை. கொழுந்து அடுப்புச் சூட்டில் வாடி, விடிவதற்குள் ஒன்றரை ராத்தலாகக் குறைந்திருந்தது. ஃபாக்டரியில் கொழுந்தை இப்படி வாட வைக்கவென்றே தனி மாடி உண்டு.

ஞாயிறு. பூசணிக்காய்க்கும் வாழைக்குலைக்கும் நடுவே ராக்காயி தன் கொழுந்தைக் குவித்து வைத்தாள். நிமிர்ந்தால், முதல் வரிசையில் கண்டாக்கு ஆசீர்வாதம். கணக்கப்பிள்ளைக்கு மேலே, தொரைக்குக் கீழே இருப்பவர். அவளுடைய தோட்டத்துக் கண்டாக்கேதான். அவர் சர்ச்சுக் கமிட்டியிலும் இருப்பது அவளுக்குத் தெரியாது. காணிக்கை ஒவ்வொன்றுக்கும் பேர் சொல்லி நன்றி ஜெபம் செய்யும் பொறுப்பு அன்று அவருடையது.

அவர் பூசணிக்காய்க்கு நன்றி சொன்னார். அவரைக்கு, முட்டைக்கு, வாழைக்குலைக்குச் சொன்னார். அடுத்ததைப் பார்க்க ஒரு கண்ணைத் திறந்தார். அப்புறம் இன்னொரு கண்ணையும் திறந்தார்.

"இது யாரு வச்சது?"

மணி பத்தே முக்கால். அன்றுவரை ராக்காயி சொன்ன ஜெபமெல்லாம் டீச்சர் காதுக்குச் சொன்னது. இப்போது முதல் தடவையாக நேராகக் கேட்டாள்: சாமி, அம்மாவுக்குப் பத்துச்சீட்டு வேணாம். கேட்ட உடனே, பக்கத்தில் யாரோ வந்து நிற்பது போல் இருந்தது. எழுந்துவிட்டாள்.

இந்த இடத்தைச் சொல்லும்போது ராக்காயி எப்போதும் எழுந்து நின்றே காட்டுவாள். கடைசி வருஷம் கட்டிலில் படுத்தபடி கையை மட்டும் தூக்கினாள்.

"நாந்தாங்க ஐயா. திருடலீங்க. நிறுவையில கூடைக்குன்னு கழிக்கிறாங்களே ரெண்டு ராத்தலு, அதுங்க. யாருதுன்னு தெரியல. அதான் சாமிக்குக் கொண்டாந்தேன்."

போதகர் கண்டாக்கைப் பார்த்தார். "என்ன ராத்தல், மிஸ்டர் ஆசீர்வாதம்?"

கண்டாக்குக்குக் காது சிவந்தது. பதில் சொல்வதை விட ஜெபம் சுலபம் என்று கண்களை இறுக்க மூடிக்கொண்டார். "இந்த... இந்தக் கொழுந்துக்காகவும் உமக்கு ஸ்தோத்திரம், ஆண்டவரே."

ஆமென் சத்தம் ஜன்னல் கண்ணாடி வரை போனது.

ஆராதனை முடிந்ததும் கண்டாக்கு அவளை வாசலில் மறித்தார். "யாரு மக நீ?"

"அம்மாக்கண்ணு மகளுங்க."

"கொழுந்துல பாதி முத்தல். சாமிக்குக் குடுக்குறது ரெண்டு எலையும் மொட்டுமா இருக்க வேணாமா?"

அவ்வளவுதான். போய்விட்டார்.

ஏற்றத்தில் பாதி வழியில் ராக்காயி நின்றாள். புதன்கிழமை இல்லை, டீச்சர் இல்லை, எதிரே தேயிலை மட்டும்தான். சத்தம் போட்டு நன்றி சொன்னாள். வார்த்தை போதவில்லை என்பதால் மூன்று தடவை சொன்னாள்.

அம்மாக்கண்ணு சட்டி பானையைச் சாக்கில் கட்டி வைத்துக் காத்திருந்தாள். "பத்துச்சீட்டா?"

"இல்லம்மா. கொழுந்து முத்தலாம்."

"எவன் சொன்னான் முத்தல்னு? எம் மக எடுத்த கொழுந்துலயா?" அம்மாக்கண்ணு கண்டாக்கின் பரம்பரையை ஒரு சுற்றுத் திட்டிவிட்டுத்தான் சாக்கை அவிழ்த்தாள்.

திங்கட்கிழமை நிறுவையில் ஒரு ராத்தல்தான் கழிந்தது. சிவசாமி காரணம் சொல்லவில்லை. வாய் திறந்தால் இன்னும் என்னென்ன போகுமோ என்பது போல் மூடியே வைத்திருந்தார். அன்று மாலை அம்மாக்கண்ணு மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"புள்ள, உங்க சாமிகிட்ட இன்னொரு ராத்தலையும் கேட்டுப் பாரேன்."

"குடுத்ததுக்கு மொதல்ல நன்றி சொல்லணும்மா."

"சரி, அதையும் சொல்லிட்டுக் கேளு," என்றாள் அம்மாக்கண்ணு. பிறகு, அந்த நன்றியை எப்படிச் சொல்வது என்று கேட்டாள்.