தேயிலைச் சரிவில் விழும் கோல்ஃப் பந்துகள்

தேயிலை விலை விழுந்தபின் எஸ்டேட்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று பார்க்க, மே மாதக் கடைசியில் குன்னூர் போனேன். மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரம்; கோடை நெரிசல். அங்கிருந்து எஸ்டேட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நானூறு ரூபாய்.

எஸ்டேட் பங்களா இப்போது விடுதி. அதன் பெரிய விளம்பரமே ‘ரேடார் கோல்ஃப்’தான். முற்றத்து விளிம்பில் பச்சை விரிப்பு, அதற்கு எட்டடி பின்னால் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கருவி. அது அனுப்பும் ரேடார் அலை பந்தில் பட்டுத் திரும்புகிறது. அதை வைத்து வேகத்தையும் கோணத்தையும் அளந்து, பந்து எங்கே விழும் என்று கணக்குப் போட்டுத் திரையில் காட்டுகிறது. நல்ல கருவி. என் கோபம் அதன்மேல் இல்லை.

கீழே சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் சிவப்புக் கொடிகள்.

“கொடி நூத்தி எழுபது மீட்டர்ல இருக்குதுங்க. இந்த மட்டைக்கு நூத்தம்பதைத் தாண்டாது” என்றார் மேலாளர்.

ஒரு விருந்தினர் அடித்தார். திரையில் 148. பந்தோ கொடியைத் தாண்டிப் போய்ச் செடிகளுக்குள் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பறிப்பவர்களில் ஒருவரான செல்வமணி என்கிற பெண் பந்தோடு மேலே ஏறி வந்தார்.

“ஏனுங்க சார், நேத்து கமலாவுக்குத் தோள்ல. இன்னிக்கு என் கூடையில. தலைக்கு என்னிக்குன்னு சொல்லிட்டா லீவு போட்டுட்டு வந்து வாங்கிக்கிறோம்.”

“கொடிக்கு இந்தப் பக்கம் வந்திருப்பே. மெஷின் தப்பாச் சொல்லாதும்மா” என்றார் மேலாளர்.

கருவியின் அமைப்புப் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். கடல்மட்டத்திலிருந்து உயரம்: பூஜ்யம். வாங்கிய நாளிலிருந்து யாரும் மாற்றவில்லை. ஆறாயிரம் அடியில் காற்று மெலிது, பந்து கூடுதலாகப் போகும். அதுவும் போக, இந்தக் கருவி போடுவது சமதரைக் கணக்கு. இங்கே தரை இறங்கிக்கொண்டே போகிறது. அந்த எண்ணை நம்பிக் கொடி நட்டு, அதற்கு அப்பால் ஆட்களை நிறுத்தியிருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அப்ப இவங்களை மேல்காட்டுக்கு அனுப்பிடறேன்” என்றார் மேலாளர்.

“அது விலை விழுந்ததிலிருந்து செடியைக் கவாத்து வெட்டாத காடுங்க. அங்க கொழுந்து ஏது? பந்துக்கு வழி விட்டுட்டு நாங்க பட்டினி கிடக்கறதுங்களா?”

கூலி கிலோ கணக்கில். செல்வமணி பதிலுக்குக் காத்திருக்காமல் கீழே இறங்கினார்.

மறுநாள் காலை கருவியில் உயரத்தைத் திருத்தியிருந்தார்கள். கொடிகள் மட்டும் நட்ட இடத்திலேயே நின்றன. விரிப்பில் அடுத்த விருந்தினர் தயாராக இருந்தார். கீழே செல்வமணி மகனின் பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பறித்துக்கொண்டிருந்தார்.

அங்கே போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போங்கள். அன்று பறிப்பு இல்லை. மற்ற நாட்களில் திரையைப் பார்க்காதீர்கள், சரிவைப் பாருங்கள். ஒரு தலை தெரிந்தாலும் மட்டையைக் கீழே வையுங்கள்.