தம்பிக்குப் போட்ட ஐம்பத்தொன்று

போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் சாம்பிள் பார்க்கிற வேலை எனக்கு. மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளி, சல்லடையில் விட்டு, பருமன் பார்த்து, நிறம் பார்த்து, தரம் சொல்ல வேண்டும். யார் வீட்டுக் காய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் கை தடுமாறும்.

இந்த வேலையோடு எனக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. பன்னிரண்டு பேர் சேர்ந்து கணினியில் ஒரு கூடைப்பந்து லீக் நடத்துகிறோம். நிஜமாகவே தொழிலாக ஆடுகிற வீரர்களை எடுத்துக்கொண்டு, எறிதல், தாவல், தடுப்பு, தாக்குப்பிடித்தல் என்று ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று எண் போடுவோம். அந்த எண்களை வைத்துக் கணினி ஆட்டத்தை ஆடிக் காட்டும். அடிபட்டவனுக்குத் தாக்குப்பிடித்தலில் பூஜ்யம். பூஜ்யம் விழுந்தால் கணினி அவனைக் களத்தில் இறக்காது.

யார் எந்த அணிக்கு எண் போடுவது என்று சீட்டுக் குலுக்குவோம். போன சீசனில் எனக்கு விழுந்தது என் தம்பி ஆடுகிற அணி. வேண்டாம், மாற்றிக் கொடுங்கள் என்றேன். குழுவை நடத்துகிற கம்பத்துக்காரர் கேட்கவில்லை. "நீங்கதான் நேர்மையாப் போடுவீக" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டார்.

அந்த ஒரு வார்த்தை என்னைக் கெடுத்தது. தம்பியின் தாவலுக்கு எண்பத்தாறு என்று என் கண் சொன்னது. அக்காக்காரி அள்ளிக் கொடுத்தாள் என்று பதினோரு பேரும் பேசுவார்களே என்று பயந்து, எழுபத்தெட்டு போட்டேன். எறிதலிலும் தடுப்பிலும்கூடக் கொஞ்சம் கிள்ளினேன். குழுவில் எல்லோருக்கும் குஷி. "கூடப் பொறந்தவனுக்கே கருமி" என்று பட்டம் கொடுத்தார்கள். அதை நான் பெருமையாக வேறு எடுத்துக்கொண்டேன்.

இந்த சீசனிலும் அதே அணி எனக்கே விழுந்தது. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் எண்களைக் குழுவில் போட வேண்டும். மறுநாள் கோயம்புத்தூரில் தம்பிக்கு நிஜ ஆட்டம். அவனோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்பதை கிளப் அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து அவனுடைய கடைசி ஆறு ஆட்டங்களை போனில் ஓட்டினேன். நான் பந்தைப் பார்க்கிறவள் இல்லை. கெங்குவார்பட்டியிலிருந்து பஸ் ஏறி பெரியகுளத்துக்கு ஆட்டம் பார்க்கப் போன காலத்தில், கூட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த இடம் ஆடுகளக் கோட்டுக்குப் பக்கத்துத் தரைதான். அங்கிருந்து கால்கள்தான் தெரியும். அந்தப் பழக்கம் இன்றுவரை போகவில்லை.

தம்பி எப்போதும் தாவினால் இரண்டு காலிலும் இறங்குவான். இந்த ஆறு ஆட்டங்களில் ஒரு முறைகூட அப்படி இறங்கவில்லை. வலது கால் ஊன்றிய பிறகு, இடது கால் யோசித்து யோசித்துத் தரையைத் தொட்டது. புள்ளிகள் என்னவோ குறையவில்லை. அதனால் ஒருவரும் கவனிக்கவில்லை. சோற்றை மூடி வைத்தேன்.

போன் போட்டேன்.

"ஏலே, கால்ல என்ன?"

"ஒண்ணுமில்லக்கா."

"பொய் சொல்லாத."

குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நீ போடுற நம்பர இங்கன எல்லாரும் பாக்குறாக. எங்க கோச்சும் பாப்பாக. கொறச்சுப் போட்டா கேள்வி வரும். ஞாயித்துக்கெழமை வரைக்கும் பழைய நம்பரையே போட்டு வையிக்கா. உன்னக் கையெடுத்துக் கும்புடுறேன்."

அவன் அதுவரை என்னிடம் அப்படிக் கெஞ்சியதில்லை. ஒப்பந்தம் போய்விட்டால் அவன் என்ன ஆவான் என்று நினைத்தேன். அந்தக் காலோடு நாளைக்கு நாற்பது நிமிடம் குதித்தால் என்ன ஆவான் என்றும் நினைத்தேன். ஒன்று போனால் ஒரு வருஷம். இன்னொன்று போனால் ஆயுசுக்கும் நொண்டி. கணக்கு சுலபமாகத்தான் இருந்தது. கைதான் ஓடவில்லை.

மூன்றே முக்காலுக்கு எண்களைப் போட்டேன். தாவல்: ஐம்பத்தொன்று.

போட்டுவிட்டு, இடி விழப்போகிறது என்று காத்திருந்தேன். விழுந்தது சிரிப்பு. வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். "கருமி அக்கா வேலையக் காட்டிட்டாக" என்று ஒருவர் எழுதினார். நெடுங்கண்டத்து எஸ்டேட்டில் இருக்கிறவர், "பாவம் அந்த அனியன்" என்று தன் பங்குக்குத் தம்பியை மலையாளத்தில் சொல்லி இரக்கப்பட்டார்.

ஐந்து நிமிடத்தில் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. "யாரும் நம்பலக்கா. நீ எப்பவும் எனக்குக் கொறச்சுத்தான் போடுவன்னு கோச்சே சிரிச்சாக. தப்பிச்சேன்."

நேர்மைக்காரி என்று பெயர் வாங்க நான் போட்ட பொய், இப்போது உண்மையின் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. அவன் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம்தான் பெரிது. நாளைக்கு அவன் கால் போனால், அதில் என் பங்கும் இருக்கும்.

நான்குக்குள் போட்ட எண்களை ஐந்து மணி வரை திருத்தலாம்; ஐந்துக்குப் பூட்டிவிடுவார்கள். அதற்குமேல் ஒருவரும் கைவைக்க முடியாது. நான்கு நாற்பதுக்குக் குழுவில் எழுதினேன்: "போன சீசனில் பொய் போட்டேன். எண்பத்தாறு பார்த்தேன், பேச்சுக்குப் பயந்து எழுபத்தெட்டு போட்டேன். இந்த முறை பார்த்ததும் ஐம்பத்தொன்று, போட்டதும் ஐம்பத்தொன்று."

ஒரு பொம்மைகூட வரவில்லை. கம்பத்துக்காரர் மட்டும், "வீடியோவத் திரும்பப் பாக்குறேன்" என்று எழுதினார்.

தம்பி கூப்பிட்டான்.

"நீ அக்காவா, ஆபீசராக்கா? ஊருக்கே தண்டோரா போட்டுட்டியே."

திட்டினான். வாங்கிக்கொண்டேன். திட்டி ஓய்ந்ததும் மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் பந்து தட்டுகிற சத்தம். யாரோ பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள்.

"எறங்குறப்ப முட்டிக்குள்ள நொறுக்குன்னு கேக்குதுக்கா" என்றான். "ரெண்டு மாசமா. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமா இருக்கு."

அவனே கேட்டான்.

"மணி என்ன?"

"நாலு அம்பத்தாறு."

"பூட்டிருவாகளா?"

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

"அப்பப் பூஜ்யத்தப் போட்டுரு. நான் கோச்சுகிட்டப் போறேன்."

அவசரத்தில் தாக்குப்பிடித்தலில் முதலில் எட்டு விழுந்தது. அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். வருஷம் முழுக்க யார் யாருக்கோ எண் போட்டவள், அந்த ஒன்றைப் போட்டுவிட்டு ஏலக்காய் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் ஆட்டத்தை டிவியில் பார்த்தேன். அவன் பெஞ்சில் இருந்தான். ஒப்பந்தத்தைப் பற்றி அவனிடம் அதுவரை யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவன் அணி தோற்றது, எத்தனை புள்ளியில் என்று இப்போது கேட்டாலும் எனக்குத் தெரியாது. கேமரா பெஞ்சுப் பக்கம் திரும்பும்போதெல்லாம், தரையில் பதிந்திருந்த அவன் இரண்டு கால்களையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.