ராமன் பெயர் இல்லாத நோட்டு

போன தீபாவளியின் இரண்டாம் நாள் காலையில், எங்கள் கட்டடத்து லிஃப்டில் குல்கர்னி காக்கூ குனிந்து என் காலைத் தொட்டார். இரண்டாம் மாடியில் இருக்கிற அம்மாள், எழுபது வயது இருக்கும். எனக்கு ஐம்பத்து மூன்று. பதறிப் பின்வாங்கியதில் முதுகு லிஃப்டின் சுவரில் இடித்தது. "ராமாச காம் கர்த்தாய் தும்ஹி" என்றார் கண்ணை மூடிக்கொண்டு. நான் ராமனுடைய வேலையைச் செய்கிறேனாம். கையில் குப்பைக் கூடையோடு நின்றிருந்தேன். கீழ்த்தளம் வந்ததும் எனக்கு வழிவிட்டு, அவர் பின்னால் வந்தார்.

இரண்டாம் நாள் என்றதும் ஊரில் இருக்கிறவர்கள் சிரிப்பீர்கள். நமக்குத் தீபாவளி என்றால் விடியுமுன் எண்ணெய்க் குளியல், புதுத்துணி, இட்லியும் கறிக்குழம்பும், மத்தியானம் ஒரு தூக்கம், அதோடு தீர்ந்தது. புனேயில் அது ஆறு நாள். முதல் நாள் பசுவுக்கும் கன்றுக்கும் பூசை. எங்கிருந்தோ ஒரு பசுவைக் குடியிருப்பின் வாசலுக்கே ஓட்டி வருவார்கள். அடுத்தது தன்வந்திரிக்கு, அதற்கடுத்த நாள் நம்முடைய தீபாவளி, பிறகு லட்சுமி, பிறகு கணவருக்கு ஆரத்தி எடுக்கிற பாட்வா, கடைசியில் சகோதரர்களுக்கு எடுக்கிற பாவ்பீஜ். இருபத்தெட்டு வருடமாக இங்கே இருக்கிறேன், இன்னும் எனக்கு மூன்றாம் நாளோடு பண்டிகை முடிந்துவிடுகிறது. மீதி மூன்று நாளும் யார் வீட்டு விசேஷத்துக்கோ வந்தவள் மாதிரி நடமாடுவேன்.

அந்த ஆறு நாளும் என் முப்பது நாள் சவாலின் கடைசி ஆறு நாளும் ஒன்றாக வந்து தொலைத்தன. வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருக்கிற தமிழர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் இருக்கிறேன். தினமும் ஒரு பக்கம், தமிழில், கையால் எழுத வேண்டும். மாலை ஏழு மணிக்குள் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். ஒரு நாள் தவறினால் வெளியே. இரண்டு முறை தோற்றிருக்கிறேன். முதல் முறை பதினோராம் நாள் நாத்தனார் குடும்பத்தோடு வந்து இறங்கினாள். அடுத்த முறை பத்தொன்பதாம் நாள் கணபதி வந்தார். குடியிருப்புக்கே மோதகம் பிடித்ததில் மணி எட்டாகிவிட்டது. இதுவும் போனால் இனிப் பேனாவைத் தொடுவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்தபோது என் கதைகள் இரண்டு பத்திரிகையில் வந்தன. அந்தத் திமிரோடுதான் புனேயில் இருக்கிற கட்கிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். கணவருக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் சாப்பிட்டுத் தூங்குவார். என் தமிழைக் கேட்கிறவர் அந்த ஒருவர்தான், அவரும் தூங்கிவிடுவார். மராத்தியைக் குவார்ட்டர்ஸ் குழாயடியில் காதால் கேட்டுக் கற்றேன். எழுத்தில் பார்த்துக் கற்காத மொழி, சொற்களின் ஓரமெல்லாம் தேய்ந்துதான் என் வாயில் வரும். மகள் மீனா பிறந்தாள், அவளுக்குப் பள்ளிக்கூடம், டியூஷன், காய்ச்சல். நான் எழுதுவது எந்த வருடம் நின்றுபோனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மீனாவுக்குப் போன மே மாதம் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை நிகில் மராத்திக்காரர், பிம்ப்ரியில் வீடு. நமக்குத் தலைதீபாவளி மூன்றாம் நாள். அவர்களுக்கும் அதே வழக்கம் உண்டு, ஆனால் அது பாட்வாவில். ஆகவே இரண்டுக்குமாகச் சேர்த்து மகளும் மருமகனும் ஆறு நாள் எங்கள் வீட்டில். கூடவே சம்பந்தியம்மா சுனந்தாவும் வந்தார். கணவரை இழந்தவர், மகனும் மருமகளும் இங்கே வந்துவிட்டால் பிம்ப்ரியில் தனியாக இருக்க வேண்டும். மருந்து ஆலை ஒன்றில் முப்பது வருடம் நின்றுகொண்டே பொட்டலம் கட்டியவர், உட்காரத் தெரியாது. மூன்று பைகளோடு வந்தார். ஒன்றில் சக்லி, அதாவது நம் முறுக்கு, பிழிகிற அவருடைய சொந்த நாழி. நான் அவரை 'தாயி' என்பேன். மராத்தியில் அது அக்கா. அவர் என்னை 'விஹீண்பாய்' என்பார், அது சம்பந்தி. வந்த அரைமணி நேரத்தில் என் உப்பு ஜாடி இடம் மாறியிருந்தது.

அவர் வந்த அன்றே ஐந்து மணிக்கு நோட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். பண்டிகை நாளில் வீட்டுக்காரி சமையலறையை விட்டுவிட்டு எங்கே போகிறாள் என்று தாயி பின்னால் வந்து பார்த்தார். "தீஸ் திவஸ். ரோஜ் ஏக் பான். நேம் ஆஹே" என்றேன். முப்பது நாள், தினம் ஒரு பக்கம், விதிமுறை அப்படி என்று சொன்னதாக நினைப்பு. விதிமுறைக்கு மராத்தியில் 'நியம்' என்று சொல்ல வேண்டும். 'நேம்' என்றால் சாமிக்கு எடுத்துக்கொண்ட விரதம். இரண்டும் என் காதில் என்றோ ஒன்றாகிவிட்டிருந்தன. தாயியின் முகம் மாறியது. நோட்டில் இருந்த எழுத்தைப் பார்த்தார். படிக்கத் தெரியாத எழுத்து. "ராம்நாம்?" என்று கேட்டார். மணி ஐந்தேகால். தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்கிற ஆட்டலா, இப்போது ஆளை விடுங்கள் என்கிற ஆட்டலா என்று எனக்கே தெரியாது. அவர் கையைக் கழுவிவிட்டு வந்து நோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதன்பிறகு ஐந்து மணி ஆனால் வீடு அடங்கியது. டிவி நின்றது. மாப்பிள்ளை ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். விருந்தாளிகளைத் தாயியே வாசலில் உட்காரவைத்துப் பேசி அனுப்பினார். எனக்கு ஏலக்காய் போட்ட பால் வந்தது. இருபத்தெட்டு வருடத்தில் என் எழுத்துக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. கட்டடம் முழுக்கச் செய்தி பரவி, காக்கூ காலைத் தொட்டது இதனால்தான். என் கணவருக்கு விஷயம் தெரியும். "சாமியாரம்மா, என் மாத்திரைய எங்க வச்சிருக்கன்னு ராமர்ட்ட கேட்டுச் சொல்லுதியா?" என்பார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் நினைப்பேன். மாலையில் அந்த இரண்டு மணி நேரத்தை விட மனசு வராது.

அந்தப் பக்கங்களில் என்ன எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாயியைப் பற்றித்தான் எழுதினேன். அவர் சுட்ட சக்லியைக் கடித்துக்கொண்டே அவர் என் சமையலறையைப் பிடித்துக்கொண்டதை எழுதினேன். அவர் குரலை எழுதினேன், அவர் என் மகளை ஏவுகிற விதத்தை எழுதினேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்கள். நான் என் வீட்டிலேயே உண்டு அதைச் செய்தேன். குழுவில் எல்லோரும் "அருமை, சம்பந்தியம்மா கண்முன் நிற்கிறார்" என்று எழுதினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பால் தம்ளரைத் திரும்பக் கொடுக்கும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்க்கமாட்டேன்.

இருபத்தொன்பதாம் நாள், பாட்வா. மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுத்து முடித்ததும் தாயி அறிவித்தார்: நாளை ஐந்து மணிக்கு உத்யாபன். விரதத்தை முடித்துவைக்கிற சடங்கு. கட்டடத்துப் பெண்களை ஏற்கெனவே அழைத்தாயிற்று. நோட்டை மணையில் வைத்துப் பூசை செய்து, பிறகு கடக்வாஸ்லா பக்கம் கட்டிக்கொண்டிருக்கிற ராமர் கோயிலுக்கு அவரே கொண்டுபோய்க் கொடுப்பார். கருவறையின் அடியில் இப்படி வருகிற நோட்டுகளை வைத்துத்தான் கட்டுகிறார்களாம். நான் எழுதிய அத்தனை பக்கமும், அதில் தாயியைப் பற்றிய என் ஏச்சும், ராமனின் காலடியில் கான்கிரீட்டுக்குள் போகப் போகிறது. "ரெண்டு நோட்டு ஆக்கிரு. ஒண்ணு ராமருக்கு, ஒண்ணு ஒனக்கு. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு..." என்றார் கணவர்.

அவர் கேலியாகச் சொன்னதை நான் செய்தேன். பக்கத்துக் கடையில் அதே மாதிரி நோட்டு வாங்கி வந்து பால்கனியில் உட்கார்ந்து ஸ்ரீராமஜெயம் எழுத ஆரம்பித்தேன். என் எழுத்தைக் காப்பாற்ற ராமன் பெயரைப் பொய்யாக எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் பக்கத்தில் தாயி சூடான தேங்காய் எண்ணெயோடு வந்து, என் வலது கையை எடுத்து மடியில் வைத்து மணிக்கட்டை நீவிவிட்டார். இத்தனை நாள் எழுதிய கை வலிக்குமே என்றார். அவர் கணவர் மருத்துவமனையில் கிடந்தபோது தானும் ராமநாமம் எழுதத் தொடங்கியதாகவும், முடிக்கும் முன்னே அவர் போய்விட்டதாகவும், நோட்டு அரைகுறையாக டிரங்குப் பெட்டியில் கிடப்பதாகவும் சொன்னார். "தும்ச பூர்ண ஹோத்தய" என்றார். உங்களுடையது பூர்த்தியாகிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை. அதற்குமேல் எழுதவில்லை. அந்த மூன்று பக்க நோட்டு இன்னும் அலமாரியில் கிடக்கிறது. தூக்கிப் போடவும் துணிவில்லை.

மறுநாள் காலை, மணையில் வைக்க மீனா நோட்டை எடுத்திருக்கிறாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். "சு... ன... ந்... தா" என்று ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். மாமியாரை அவள் ஆயி என்பாள்.

"அம்மா, இதுல ஆயி பேர் ஏன் இருக்கு?"

சொன்னேன். அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "ஸச்சி சொல்லு, கராப் எழுதியிருக்கியா?" உண்மையைச் சொல், கெட்டதாகவா என்று கேட்கிறாள். "கொஞ்சம்" என்றேன். "நீ நோட்டக் கோயிலுக்கு அனுப்பிட்டு இங்க இருப்பே. நான் அங்கதான இருக்கணும், அம்மா? நீயே போயி ஆயிகிட்ட சொல்லு."

தாயி ஷிராவுக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தார். நம் கேசரிதான். "தாயி, ஹே ராம்நாம் நாஹி" என்றேன். இது ராமநாமம் இல்லை. கரண்டி நின்றது. பிறகு என்ன என்று கேட்டார். வீட்டைப் பற்றி என்றேன். என்னைப் பற்றியுமா? ஆமாம். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "வாச்சா" என்றார். படியுங்கள்.

படித்தேன். ஒரு வரி தமிழில், அப்புறம் என் குழாயடி மராத்தியில். தமிழில் கூர்மையாக இருந்ததெல்லாம் மராத்தியில் வெறும் வசவாக விழுந்தது. "தாயினே மாஜி கிச்சன் கேத்லி" என்றேன். தாயி என் சமையலறையைப் பிடித்துக்கொண்டார். "மாஜ கிச்சன் கேத்ல" என்று திருத்தினார். அவர்களுக்குச் சமையலறை பெண்பால் இல்லை. திருத்தியபடியே வைத்து மறுபடி வாசித்தேன். கடைசியில் நான் மறைக்க நினைத்த வரியும் வந்தது: 'என் மகள் இவரோடு சிரிக்கிற மொழியில் எனக்கு நேரத்துக்குச் சிரிக்கத் தெரியவில்லை.' அதற்கு அவர் இலக்கணம் பார்க்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தும்ஹி நுஸ்த ம்ஹணாய்ச ம்ஹணூன் ம்ஹணாலாத். மலா களல ஹோத. தரி ஆலே."

நீங்கள் சொல்ல வேண்டுமே என்று வெறுமனே சொன்னீர்கள். எனக்குப் புரிந்திருந்தது. இருந்தும் வந்தேன். அவரைப் பண்டிகைக்கு அழைத்ததைத்தான் சொன்னார். உண்மைதான். பிம்ப்ரி வீட்டு வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே "நீங்களும் வந்துடுங்க தாயி" என்று சொன்னவள் நான். வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். நோட்டை மூடினேன். அவர் எழுந்து மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார்.

ஐந்து மணிக்குப் பெண்கள் வந்தார்கள். தாயி மணையில் நோட்டை வைத்தார். "இது ராமநாமம் இல்லை, விஹீண்பாய் வீட்டைப் பற்றி எழுதியது, நானும் இருக்கிறேன்" என்று ஆலையில் கூவிப் பேசிப் பழகிய அந்தக் குரலில் சொல்லிவிட்டு, அதற்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்தார். பிறகு குல்கர்னி காக்கூ என் பக்கம் சாய்ந்து, தன்னைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறேனா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தாயியும் சிரித்தார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

அவர்கள் போனபோது மணி ஆறரை. முப்பதாம் பக்கம் எழுத உட்கார்ந்தேன். காலையில் தாயி சொன்ன மூன்று வாக்கியங்களைத் தவிர வேறெதுவும் மனசில் இல்லை. தமிழில் எழுதிப் பார்த்தேன், குற்றச்சாட்டாகப் போய்விட்டது. அவர் குற்றம் சாட்டவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அவர் சொன்னபடியே மராத்தியில், தமிழ் எழுத்தில், அன்று அவர் பேசியது அத்தனையும் எழுதினேன். பக்கம் நிறைந்தது. படம் எடுத்துப் போட்டேன். குழுவை நடத்துகிற அம்மா உடனே பதில் போட்டார்: "எழுத்தெல்லாம் தெரிகிறது, ஒன்றும் புரியவில்லையே. தமிழில் எழுதி அனுப்புங்கள், இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது." தாயி வந்து என்ன எழுதினேன் என்று கேட்டார். படித்துக் காட்டினேன். தன் வார்த்தைகள் வரவும் மெல்ல உட்கார்ந்தார். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பத்து நிமிடம் அதில் போனது. குழுவின் பட்டியலில் என் பெயருக்கு எதிரே இருபத்தொன்பது என்று இருக்கிறது. அது இன்னும் உறுத்துகிறது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

மறுநாள் கிளம்பும்போது தாயி அந்த ஒரு பக்கத்தைக் கேட்டார். கிழித்துக் கொடுத்தேன். பூசைக்கு வைத்த தேங்காயோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டார்.

போன வாரம் மீனா ஃபோன் செய்தாள். "அம்மா, ஆயி டெய்லி அந்தப் பேஜைப் படின்னு உட்கார வைக்கிறாங்க. நான் மெதுவா எழுத்துக் கூட்டிப் படிக்கேன். நான் தப்பாப் படிச்சா ஆயி கரெக்ட் பண்றாங்க, அவங்களுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது!" என்று சிரித்தாள். பின்னால் தாயி ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் எத்தனை வருடம் கெஞ்சியும் என் மகள் தமிழில் ஒரு பக்கம் முழுதாகப் படித்ததில்லை. இப்போது தினமும் படிக்கிறாள், பிம்ப்ரியில், என் கையெழுத்தில், ஒரு தமிழ் வார்த்தைகூட இல்லாத பக்கத்தை. என்ன சிரிப்பு என்று கேட்பதற்குள் அவர்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். நான் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன்.