மச்சான் போட்ட சரிகள்

கற்பிட்டியில் வெங்காயத் தோட்டங்களுக்குத் தண்ணீர் மோட்டர் திருத்துகிறவன் நான். நாற்பத்தாறு வயதில், விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே எழும்பி நிற்கிற ஒரு புரோகிராமை நானே எழுதவேண்டும் என்று ஆசை வந்தது. சிலருக்கு அந்த வயதில் இரண்டாம் கலியாண ஆசை வருகிறதாம். என்னுடையது செலவு குறைந்தது என்று நினைத்தேன்.

மனைவியின் நானா, அதாவது என் மச்சான், கொழும்பில் தான் படித்த பழைய தடித்த புத்தகத்தைத் தந்தார். ஒவ்வொரு பயிற்சிக்கும் பக்கத்தில் பென்சிலால் சரி போட்டிருந்தார். அந்தச் சரிகளை நம்பித்தான் இறங்கினேன். திரையில் ஒற்றை எழுத்துத் தெரிந்த அன்று வீட்டுக்கு மீன் வைத்த மாலுபாண் வாங்கி வந்தேன்.

ஏழாவது பயிற்சி, டிஸ்கின் முதல் துண்டில் எழுதுவது. புத்தகம் பிளொப்பி காலத்தது. என்னிடம் இருந்தது பென் டிரைவ். எந்த டிஸ்க் என்று காட்டப் புத்தகம் சொன்ன இலக்கம் வேலை செய்யவில்லை. ஓரத்தில் மச்சானின் எழுத்து: ‘பிளொப்பி இல்லாவிட்டால் 80 போடவும்.’ பக்கத்தில் பெரிய சரி. போட்டேன். எழுதியது, பென் டிரைவில் அல்ல, ஹார்ட் டிஸ்கின் தலையில். கம்பியூட்டர் அதன் பிறகு எழும்பவில்லை.

அந்தக் கம்பியூட்டருக்குள், ஆசிரியையான மனைவி ஐந்தாம் வகுப்புக்குத் தயாரித்த வினாத்தாள் இருந்தது. மறுநாள் காலை அதிபரின் கையில் இருக்கவேண்டியது.

புத்தகத்தாலேயே கம்பியூட்டருக்கு விசிறினேன். ஸலவாத்து ஓதினேன். கடைசியில் மேசை விரிப்பை எடுத்து ஜனாஸாவைப்போல மூடிவிட்டு மச்சானுக்குப் போன் எடுத்தேன்.

“மச்சான், நீங்க சரி போட்ட எண்பது என்ட ஹார்ட் டிஸ்க்க தின்டுட்டு!”

“யா அல்லாஹ், அத செஞ்சே பாத்தீங்களா? அந்தக் காலத்துல எனக்கிட்ட ஏது கம்பியூட்டர்? வாசிச்சு விளங்கினா ஒரு சரி போடுவன்.”

“அப்ப எண்பது?”

“ஆரோ சொன்னாங்க. பயப்படாதீங்க, சிலாபத்துல ஒரு கடைல உள்ளுக்குக் கெடக்கிறத எடுத்துத் தருவாங்க. நாலு நாள் போகும்.”

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். அவர் வீட்டு மோட்டரைத் திருத்திக் கொடுத்தவனை இப்படியா கைவிடுவது?

மனைவி வந்து விரிப்பைத் தூக்கினாள்.

“கரண்ட் அடிச்சிட்டு போல,” என்றேன்.

அவள் திறந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தாள். “இது நானாட எழுத்து. அவரு படிக்கக்குள்ள வீட்டுல கம்பியூட்டரே இல்லையே. எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமல்தானே ஒவ்வொரு நாளும் அவளுடைய கம்பியூட்டரில் விளையாடினேன்.

“கதிரைய இழுங்க. ஞாபகம் இருக்கிறத நான் சொல்றன், நீங்க எழுதுங்க.”

நாற்பது வினாக்கள். மோட்டர் ஒயில் படிந்த விரல்களால் எழுதி நீட்டினேன். சிவப்புப் பேனையை எடுத்து, ஒவ்வொன்றையும் முழுக்க வாசித்த பிறகே சரி போட்டாள். பதினொரு வினாக்களைத் திரும்ப எழுதச் சொன்னாள்.